டொய்ஃபெல்ஸ்பெர்க்: ஒட்டுக்கேட்ட குன்றும் அதன் மறுவாழ்வும்

பெர்லின் நகரின் மேற்கு ஓரம், குரூனவால்ட் காட்டுக்குள் நிற்கும் டொய்ஃபெல்ஸ்பெர்க் இயற்கையான குன்று அல்ல. இரண்டாம் உலகப் போரில் இடிந்த வீடுகளின் செங்கல்லையும் காரையையும் கொட்டிக் கொட்டி எழுப்பியது. 1950 முதல் 1972 வரை லாரிகள் வந்துகொண்டே இருந்தன. மும்முரமான காலத்தில் நாளொன்றுக்கு 800 லாரிகள் வரை வந்திருக்கின்றன. மொத்தம் சுமார் 2.6 கோடி கன மீட்டர் இடிபாடு. உச்சி கடல் மட்டத்திலிருந்து 120 மீட்டர், சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். அடியில் ஒரு ராணுவக் கட்டடம் புதைந்து கிடக்கிறது: 1937இல் ஹிட்லர் அடிக்கல் நாட்டிய ராணுவத் தொழில்நுட்பக் கல்லூரி. போரால் அது பாதியில் நின்றுபோனது. போர் முடிந்த பின் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள், கான்கிரீட் மசியவில்லை. கடைசியில் அதன் மேலேயே இடிபாட்டைக் கொட்டி மூடிவிட்டார்கள்.

அந்தக் குன்றின் உச்சியில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் நடத்திய ஒட்டுக்கேட்பு நிலையத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வெள்ளைக் கோளங்களின் படத்தை இணையத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கட்டடம் எதற்குக் கட்டப்பட்டது, ஆள் போன பின் எந்தப் பாகம் முதலில் கெட்டது, ஏன் கெட்டது, இனி அதை எப்படிக் கையாளலாம் என்பதை விளக்கமாக எழுதுபவர்கள் குறைவு. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம்: பெரும்பணத்தோடு வந்த திட்டங்கள் எதுவும் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. சுவரில் ஓவியம் வரைந்தவர்களும் வாசலில் நுழைவுச்சீட்டு கொடுத்தவர்களும்தான் இதுவரை அதை நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஏன் அந்தக் குன்று

மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனியின் வயிற்றுக்குள் இருந்த தீவு. மேற்கு ஜெர்மனியின் எல்லை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சுற்றிலும் சோவியத் படைகளும் கிழக்கு ஜெர்மானியப் படைகளும். அவர்கள் பேசிய வானொலித் தொடர்பைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் இடம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். விஎச்எஃப், யுஎச்எஃப், மைக்ரோவேவ் எனப்படும் உயர் அதிர்வெண் வானொலி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் எதுவும் கேட்காது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும். சமதரையில் 10 மீட்டர் கம்பத்துக்கு 13 கிலோமீட்டர். சுற்றுத்தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் வைத்தால் 41 கிலோமீட்டர். எதிர்முனையின் உயரத்துக்கும் இதேபோல் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். அங்கே 50 மீட்டர் கோபுரம் இருந்தால் மொத்தம் 70 கிலோமீட்டர். 3,000 மீட்டரில் பறக்கும் விமானமென்றால் 267 கிலோமீட்டர். வெறும் இடிபாட்டு மேடு ராணுவத்துக்குப் பொக்கிஷமானது இந்தக் கணக்கால்தான்.

1961இல் வண்டிகளில் பொருத்திய கருவிகளோடு வந்து சோதித்தார்கள். 1963இலிருந்து நிரந்தரக் கட்டடங்கள் எழுந்தன. நிலம் பிரிட்டிஷ் பகுதியைச் சேர்ந்தது, நிலையத்தின் பெரும்பங்கு அமெரிக்கர்களுடையது. பனிப்போர் முடிந்து, 1990களின் தொடக்கத்தில் ஒட்டுக்கேட்டவர்கள் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கோபுரமும் கோளங்களும் ஜன்னல் இல்லாத அறைகளும் மிஞ்சின.

பெரிய திட்டங்கள் ஏன் விழுந்தன

1996இல் பெர்லின் நிர்வாகம் இடத்தைத் தனியாருக்கு விற்றது. விலை 52 லட்சம் மார்க். ஹோட்டல், சொகுசுக் குடியிருப்புகள், உளவு அருங்காட்சியகம் என்று வரைபடம் போட்டார்கள், வேலையும் தொடங்கியது. எதிர்ப்பும் கடனும் சேர்ந்து அதை நிறுத்தின. 2004இல் கட்டட அனுமதி காலாவதியானது. 2006இல் நகரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்த இடம் காடு என்று குறிக்கப்பட்டது. அந்த ஒரு மாற்றம் போதும், அதன் பிறகு புதுக்கட்டடம் கட்ட வழியே இல்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் ஆதரவோடு மகரிஷி மகேஷ் யோகியின் அமைப்பினர் அங்கே பல்கலைக்கழகம் எழுப்ப முன்வந்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

இதே வகைக் கட்டடத்தை எங்கே யார் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மூன்று காகிதங்கள். நிலப் பயன்பாட்டு வகை என்ன? ராணுவத்துக்கு இருந்த விதிவிலக்கு கைமாறியதும் ஒழிந்துபோகிறதா? மேலே ஏறும் சாலையின் உரிமை யாருடையது? கட்டடத்தின் பலத்தை ஆராய்வது நான்காவதாகத்தான் வர வேண்டும். ராணுவம் கட்டியபோது யாரிடமும் குடிமை அனுமதி கேட்டிருக்காது. பொதுமக்களை உள்ளே விடும் நாளில், அந்தக் கட்டடம் சட்டத்தின் கண்ணில் நேற்றுக் கட்டியதுபோல் ஆகிவிடலாம்.

திட்டங்களுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில்தான் கட்டடம் அதிகம் நாசமானது. காவல் இல்லாதபோது கண்ணாடி உடைந்தது, உலோகம் திருடு போனது, கோளங்களின் தோல் கிழிந்தது. பிறகு குத்தகைக்கு எடுத்தவர்கள் வேலியைச் சரிசெய்து, வழிகாட்டியோடு சுற்றிக்காட்டி, ஓவியர்களுக்குச் சுவர்களைக் கொடுத்தார்கள். இன்று அது பெர்லினின் பெயர்பெற்ற சுவரோவிய இடங்களில் ஒன்று. 2018இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

கோளங்கள்: ஒரு ஓட்டை ஏன் எல்லாவற்றையும் கெடுக்கிறது

இந்தக் கோளங்களுக்கு ரேடோம் என்று பெயர். உள்ளே சுழலும் ஆன்டெனாவைக் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பதும், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மறைப்பதும்தான் அவற்றின் வேலை. பொதுவாக மூன்று வகை உண்டு. முதல் வகையில் ரப்பர் பூசிய துணியை உள்ளே காற்றழுத்தம் கொடுத்து உப்ப வைப்பார்கள். காற்றூதும் எந்திரம் நின்றாலோ காற்று வெளியேறினாலோ கூடு தொய்ந்துவிடும், அதனால் இரட்டைக் கதவு வேண்டும். இரண்டாவது, அலுமினிய முக்கோணச் சட்டங்களின் மேல் மெல்லிய படலம். மூன்றாவது, நடுவில் நுரையோ தேன்கூட்டு அட்டையோ வைத்த ஃபைபர் கிளாஸ் பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்தது. சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி கிழிந்து தொங்குவதை டொய்ஃபெல்ஸ்பெர்க் படங்களில் பார்க்கலாம்.

துணி முதலில் விளிம்பில்தான் கிழியும். இழுவிசை குறைந்ததும் காற்றில் படபடக்கும். ஒவ்வொரு படபடப்பும் இழையைச் சட்டத்தில் தேய்க்கும். இரண்டு விரற்கடை கிழிசல் ஒரே குளிர்காலத்தில் முழுப் பட்டையாகிவிடும்.

ஆனால் உண்மையான ஆபத்து அழுத்தம். காற்றின் அழுத்தத்தைச் சதுர மீட்டருக்கு நியூட்டனில் சொன்னால் 0.613 × வேகத்தின் வர்க்கம். வினாடிக்கு 50 மீட்டர் வேகப் புயலில் அது 1,530 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 156 கிலோ எடை. 12 மீட்டர் விட்டமுள்ள கோளத்தின் மேல் மொத்தம் 7 டன் அளவுக்குத் தள்ளுவிசை வரலாம். கோளம் மூடியிருக்கும்வரை சட்டம் இதைப் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்ளும். காற்று வரும் பக்கம் ஒரு பலகை போய்விட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எதிர்ப்பக்கம் ஏற்கெனவே வெளியே இழுக்கப்படுகிறது, இப்போது உள்ளிருந்தும் தள்ளப்படுகிறது. அங்கே அடுத்த பலகை பிடுங்கிக்கொள்ளும். ஆகவே ஓட்டை விழுந்த அன்றைக்கே ஒட்டுப்பலகையாவது வைத்து அடைக்க வேண்டும். உச்சிக் காற்றைக் குறைத்து எடைபோடவும் கூடாது. ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஷெட்லாண்டின் சாக்சா வோர்ட் ராடார் குன்றில், 1992 புத்தாண்டுப் புயலில் மணிக்கு 197 மைல் வேகக் காற்று பதிவானதாக அதிகாரபூர்வமற்ற கணக்கு இருக்கிறது. அத்தோடு அளக்கும் கருவியும் பறந்துபோனது.

ஃபைபர் கிளாஸ் பலகைக் கோளத்தைச் செப்பனிடும் முறை இது. உள்பக்கமிருந்து ஒவ்வொரு பலகைக்கும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதிப் படம் எடுக்க வேண்டும். வட்டமாகத் தோன்றினாலும் பலகைகள் ஒரே அளவில் இருக்காது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. நாணயத்தால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் தோலும் நுரையும் பிரிந்துவிட்டன என்று பொருள். இணைப்புகளில் இருக்கும் பழைய சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் பசை, வெயிலில் இறுகி வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியே போன நீர் நுரைக்குள் தங்கி, உறைந்து விரிந்துதான் பலகையைப் பிரிக்கிறது. பழையதை முழுவதும் வெட்டி எடுத்து, காயவைத்து, புதிதாக அடைக்க வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் ஓராண்டு தாங்காது. ஒரு நேரத்தில் ஒரு பலகையைத்தான் கழற்றலாம். அடுத்தடுத்த இரண்டைக் கழற்றினால் ஓடு வளையும், பிறகு போல்ட் துளைகள் சேராது. அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் இடையில் நைலான் வாஷர் வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் மின்கலமாகி அலுமினியம் அரிக்கும். காற்று வினாடிக்கு 8 மீட்டரைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது நல்லது.

துணியை மாற்றுவதானால் ஒரு சௌகரியம் இருக்கிறது. உள்ளே ஆன்டெனா இல்லை, எனவே புதுத் தோல் வானொலி அலையைக் கடத்த வேண்டியதில்லை. பிவிசி பூசிய பாலியெஸ்டர் 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழை அதைவிட அதிகம் உழைக்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் மடித்தால் இழை முறியும், விலையும் அதிகம். எல்லாக் கோளங்களுக்கும் பணம் இல்லையென்றால் ஒன்றை முழுமையாகப் போர்த்துவதும், மற்றவற்றில் கிழிந்த துணியை அகற்றிச் சட்டத்தை மட்டும் நிறுத்துவதும் சரியான வழி என்று நினைக்கிறோம். தொங்கும் துணி சட்டத்தை உலுக்கிக்கொண்டே இருக்கும். அதை அழகு என்று விட்டுவைக்கக் கூடாது.

கோளத்துக்குள் கச்சேரி வைக்க எல்லோருக்கும் ஆசை. உள்வளைந்த சுவர் ஒலியை நடுவில் குவிக்கும், எதிரொலி வெகுநேரம் நிற்கும். நிதானமான தனிக்குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் அருமையான இடம். பேச்சோ தாளக்கருவியோ என்றால் சொற்களும் தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். தரையில் கனத்த விரிப்பும், சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிட்ட துணித் திரைகளும் ஓரளவு உதவும்.

கூரை, கான்கிரீட்

கோளம்தான் கண்ணில் படும். ஆனால் கட்டடத்தைக் கொல்வது தட்டைக்கூரை. வடிகால் வாயில் இலை அடைத்து, 500 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அது 50 டன். ஒட்டுக்கேட்பு நிலையங்களில் இன்னொரு தொல்லை உண்டு: கேபிள் துளைகள். ஒவ்வொரு தளத்திலும் ஏராளமாக இருக்கும். கேபிளை உருவிக்கொண்டு போனவர்கள் துளையை அடைப்பதில்லை. கூரையில் நுழைந்த நீர் அந்த வழியே நேராக அடித்தளம் வரை இறங்கும், தீப்பிடித்தால் புகையும் அதே வழியில் மேலேறும். முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை என்று கேட்டால்: வடிகால்களைத் திறப்பது, ஒவ்வொரு துளைக்கும் எண் கொடுத்துத் தீத்தடுப்புக் காரையால் அடைப்பது, கேபிள் ஷாஃப்ட்களின் வாய்க்கு இரும்பு வலை போடுவது. மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. தரைமட்டத்திலேயே வாய் திறந்த ஷாஃப்ட் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரத்தன்மைதான். இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். நடுத்தரக் கான்கிரீட்டில் முதல் ஆண்டில் 4 மில்லிமீட்டர் என்று கொண்டால் 36 ஆண்டில் 24 மில்லிமீட்டர். அக்காலக் கட்டடங்களில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் பெரும்பாலும் அதே அளவுதான் இருக்கும். சோதிப்பது எளிது. ஓரத்தை உடைத்து, புதிய முறிவின் மேல் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறிய பகுதி நலமாக இருக்கிறது, நிறம் மாறாத பகுதி காரத்தை இழந்துவிட்டது. தூசு படிந்த பழைய முறிவில் தெளித்தால் முடிவு தவறும். கம்பியின் மின்னழுத்தத்தைச் செம்பு–செம்பு சல்பேட் மின்முனையால் அளந்து, மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அரிப்பு நடந்துகொண்டிருப்பதாகவே கொள்ளலாம்.

செப்பனிடும்போது கம்பியின் முகத்தை மட்டும் சுத்தம் செய்து பூசுவது வழக்கமான தவறு. கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீட்டராவது வெட்டி, சுற்றிலும் துருவை நீக்கிய பிறகே புதுக்காரை வைக்க வேண்டும். பின்பக்கத் துரு சும்மா இருக்காது, விரிந்து புதுப்பூச்சைத் தள்ளிவிடும்.

இங்கே சுவரோவியங்களைப் பற்றி ஒன்று. ஸ்பிரே பெயின்ட் அடுக்கு மேல் அடுக்காக ஏறினால் சுவர் மூச்சுவிட முடியாது. பின்னால் ஈரம் இருந்தால் பெயின்ட் கொப்புளித்து, மேல்காரையோடு சேர்ந்து உரியும். விரிசலும் மறைந்துவிடும். ஓவியத்தைத் தடைசெய்யத் தேவையில்லை. தூண்–உத்தரச் சந்திப்புகளிலும் சுவரின் அடி அரை மீட்டரிலும் பெயின்ட் படாமல் விட்டால் போதும், பொறியாளர் பார்க்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

ஜன்னல் இல்லாத அறைகள்

உளவு நிலையங்களில் சில அறைகளைச் செம்பு வலையாலோ எஃகுத் தகட்டாலோ முழுவதும் சுற்றி மூடியிருப்பார்கள், உள்ளிருந்து எந்த அலையும் கசியாதபடி. அந்த அறையில் கைபேசி வேலை செய்யாது. தீயணைப்பு வீரரின் வாக்கிடாக்கியும் வேலை செய்யாது. இதை மறந்து உணவகமோ காட்சிக்கூடமோ திறந்தால் நெருக்கடியில் பெரிய ஆபத்து. நீளம் முழுவதும் வானொலி அலையை வெளிவிடும் கேபிளை வழித்தடத்தில் ஓட்டுவது தீர்வு, அல்லது ஒரு சுவரில் தகட்டைப் பெரிதாக வெட்டித் திறக்கலாம். பழைய கதவு விளிம்புகளில் பளபளக்கும் விரல் போன்ற தகடுகள் இருந்தால் தேய்க்கக் கூடாது. அவை பெரிலியம் கலந்த செம்பாக இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அப்படியே கழற்றிப் பையில் கட்டி அனுப்ப வேண்டும்.

1960, 70களின் கட்டடம் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ் சோதனை கட்டாயம்: தரை ஓடு, அதன் அடியிலுள்ள கறுப்புப் பசை, குழாய்ச் சுற்று, உத்தரங்களில் தெளித்த தீத்தடுப்புப் பூச்சு. பழைய மின்தேக்கி, டியூப்லைட் சோக், இணைப்புப் பசை இவற்றில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். ஈய பெயின்ட், புதைத்த டீசல் தொட்டி ஆகியவையும் பட்டியலில் சேரும். சோதனை முடிவு வரும்வரை துடைப்பம்கூட எடுக்கக் கூடாது.

தண்ணீரும் படிக்கட்டும்

குன்றின் மேல் தண்ணீர் இல்லை என்பது சாதாரண உண்மை, ஆனால் பல திட்டங்கள் இதில்தான் முறிகின்றன. ஜெர்மானிய நடைமுறையில் தீயணைப்புக்கு மணிக்கு 96 கன மீட்டர் வீதம் 2 மணி நேரம் நீர் வேண்டும் என்று கேட்டால், அது 1,92,000 லிட்டர். அடிவாரத்திலிருந்து 80 மீட்டர் ஏற்றவே 8 பார் அழுத்தம் போய்விடும். தொட்டி உச்சியில் இருந்தாக வேண்டும். தொட்டியின் எடையோ 192 டன், அதைத் தாங்கும் நிலமோ இறுகாத இடிபாடு. இடிபாட்டில் மரம் இருந்தால் மக்கி, ஓரிடம் மட்டும் அமிழும். அதனால் ஒரே பெரிய தொட்டியைவிட, தனித்தனியாகக் கொஞ்சம் அமிழ்ந்தாலும் கேடு வராத நான்கைந்து சிறு தொட்டிகள் மேல்.

கோபுரத்தில் பெரும்பாலும் ஒரே படிக்கட்டுதான் இருக்கும், பயிற்சி பெற்ற சிலருக்காகக் கட்டியது. இரண்டாவது வழி கட்டும்வரை மேலே போகும் ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

உள்ளே விடாமலே காப்பாற்றிய ஒரு கோபுரம்

கலிஃபோர்னியாவில், சான் ஹோசே நகருக்குத் தெற்கே, உமுனும் மலை இருக்கிறது. 3,486 அடி உயர உச்சியில் ஆல்மடன் விமானப்படை நிலையம் 1980 வரை இயங்கியது. ஐந்து மாடி கான்கிரீட் கோபுரம், அதன் மேல் 85 டன் ராடார் ஆன்டெனா. நிமிடத்துக்கு 5 முறை சுழன்ற அது, 12 வினாடிக்கு ஒருமுறை அடிவாரத்து வீடுகளின் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் குறுக்கிட்டது. 1986இல் திறந்தவெளி நிலங்களைப் பாதுகாக்கும் பொது அமைப்பு ஒன்று இடத்தை வாங்கியது. ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் நிறைந்த கட்டடங்களை அகற்றக் கூட்டாட்சி அரசின் 32 லட்சம் டாலர் 2009இல்தான் கிடைத்தது. மற்றவற்றை இடித்தார்கள். கோபுரத்தை மட்டும் வைத்துக்கொள்வதா என்று நீண்ட விவாதம் நடந்தது. 2016இல் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் அதை வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. 2017 செப்டம்பரில் உச்சி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது கோபுரத்தின் வாசல்கள் மூடப்பட்டே இருந்தன.

இந்த முடிவைப் பலர் அரைகுறை என்பார்கள். நமக்கு அது நேர்த்தியாகவே படுகிறது. ஆள் நுழையாத கோபுரத்துக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டாம், தீயணைப்புத் தொட்டி வேண்டாம், வாக்கிடாக்கிக் கேபிள் வேண்டாம். கூரை நீர் வெளியேற வேண்டும், விழக்கூடிய காரையைத் தட்டி எடுத்துச் செப்பனிட வேண்டும், இடிதாங்கிக் கம்பி திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூடும்போது முற்றாக அடைத்துவிடக் கூடாது. கீழும் மேலும் வலையிட்ட காற்றுத்துளை இல்லையென்றால் உள்ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து, வெளிமழை செய்யாத சேதத்தை உள்ளிருந்து செய்யும். பூட்டிய ஒரு கதவும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு இருமுறை விளக்கோடு பொறியாளர் போய்ப் பார்க்க. ஒன்று இலை உதிர்ந்து முடிந்ததும், இன்னொன்று பெருங்காற்றுக் காலம் கழிந்ததும்.